துளை சிறியதுதான்

மும்பை மாட்டுங்காவில் எங்கள் கட்டடத்துக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. மாடிப்படியின் தேக்குக் கைப்பிடியைத் தடவிப் பார்த்து ரசிக்கிறவர்கள் உண்டு. முழங்கால் வலிக்காரர்கள் அதையே பிடித்துக்கொண்டு, கட்டியவனைத் திட்டியபடி ஏறுவார்கள். மூன்றாம் மாடி மாமாவுக்கு இரண்டு வருஷம் முன்பு ஆஞ்சியோகிராம் எடுத்தார்கள். காலையில் போனவர் மாலையில் திரும்பிவிட்டார். "ஒரு தையல்கூட இல்லை, கொசு கடிச்சாப்ல இருந்தது" என்று கேட் அருகில் நின்று எல்லாரிடமும் சொல்லிவிட்டு, யார் கையையும் பிடிக்காமல் படி ஏறினார்.

அன்று இரவு எட்டரைக்கு மாமி கீழே ஓடி வந்தார். மாமாவின் வலது தொடை இடுக்கில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம். நாங்கள் மேலே போய்ச் சேர்வதற்குள் அது ஆரஞ்சு அளவாகியிருந்தது. இரண்டாம் மாடியில் நர்ஸ் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி இருந்தது அவருடைய அதிர்ஷ்டம். "அசையாதேங்கோ மாமா" என்று தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, ஆம்புலன்ஸ் வரும்வரை விரல்களால் அந்த இடத்தை அழுத்திக்கொண்டே இருந்தாள். மாமா பிழைத்துக்கொண்டார். மறுநாள் டிஸ்சார்ஜ் பேப்பரை வாங்கிப் பார்த்தேன். மாடிப்படி ஏற வேண்டாம் என்று ஆங்கிலத்தில் ஒரு வரி அச்சாகியிருந்தது. எந்த மாடியில் இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்டிருக்கவில்லை.

ஆஞ்சியோ, ஸ்டென்ட், சோனோகிராஃபி பார்த்துத் திசு எடுக்கும் பயாப்ஸி, சி.டி. பார்த்து நுரையீரலில் ஊசி விடுவது, கல்லீரல் சீழை மெல்லிய குழாய் வைத்து வடிப்பது, சிறுநீரகத்தில் முதுகுப் பக்கமாகக் குழாய் போடுவது, கசியும் ரத்தக் குழாயை அடைப்பது எல்லாம் ஒரே குடும்பம். வயிற்றையோ மார்பையோ திறப்பதில்லை. ஊசி போகும் அளவுக்கு ஒரு துளை. உள்ளே நடப்பதைத் திரையில் பார்த்துக்கொண்டே வேலை. திறந்து செய்யும் அறுவையோடு ஒப்பிட்டால் வலி குறைவு, ஆஸ்பத்திரியில் கிடக்கும் நாள் குறைவு, முழு மயக்கமும் பெரும்பாலும் தேவைப்படாது. வயதானவர்களுக்கும் உடம்பு தளர்ந்தவர்களுக்கும் இது பெரிய வரம், சந்தேகமே இல்லை. ஆனால் சிறியது துளை மட்டும்தான். உள்ளே தொடுவது அதே ரத்தக் குழாய், அதே கல்லீரல், அதே நுரையீரல். வெளியே காயம் தெரியாததால், உள்ளே ஏதாவது கசிந்தாலும் சட்டென்று தெரியாது. ஆகவே இந்தச் சிகிச்சைகளின் பாதுகாப்பில் பெரும்பங்கு, செய்வதற்கு முந்தைய கேள்விகளிலும் செய்து முடித்த பிறகான சில மணி நேரங்களிலும் இருக்கிறது. அந்த இரண்டு பகுதியிலும் நோயாளியும் கூட வந்தவரும் வெறும் பார்வையாளர்கள் கிடையாது.

எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்தால் எங்கே தவறும் என்பதும் புரியும். ஸ்வீடன் நாட்டு டாக்டர் செல்டிங்கர் 1953-ல் வெளியிட்ட முறைதான் இன்றும் அடிப்படை. ரத்தக் குழாயில் ஊசியைக் குத்த வேண்டும். ஊசியின் உள்ளாக மெல்லிய, வளையும் கம்பியை விட வேண்டும். ஊசியை உருவிவிட்டு, கம்பியின் மேலாகவே குழாயைக் கோத்துத் தள்ள வேண்டும். பிறகு கம்பியை எடுத்துவிட வேண்டும். பாவாடைக்கு நாடா கோக்கும்போது ஊக்கை முன்னே விட்டு வழி காண்பிப்போமே, ஏறக்குறைய அந்த யுக்தி. இதனால்தான் பெரிய குழாயைக்கூடச் சிறு துளை வழியே அனுப்ப முடிகிறது. கம்பியின் வெளி நுனியை யாராவது ஒருவர் எப்போதும் பிடித்திருக்க வேண்டும் என்பது இந்த வேலையின் பாலபாடம். பிடி விட்டு மொத்தக் கம்பியும் உடம்புக்குள் போய்விட்ட சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன.

குழாயை வைத்துப் படம் மட்டும் எடுத்துக்கொண்டிருந்தவர்களை அதே குழாயால் சிகிச்சையும் செய்யலாம் என்று திருப்பியவர் அமெரிக்காவின் போர்ட்லண்டில் இருந்த சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரி 16 அன்று, காலை எடுத்தாக வேண்டும் என்று சொல்லப்பட்ட 82 வயதுப் பெண்மணி ஒருவருக்கு, தொடைக் குழாயின் அடைப்புக்குள் ஒன்றைவிட ஒன்று பருமனான குழாய்களை விட்டு வழியைத் திறந்தார். அந்தப் பாட்டி காலை எடுக்க ஒப்புக்கொள்ளாமல் பிடிவாதம் பிடித்ததால் கிடைத்த வாய்ப்பு அது. கால் சூடு பெற்றது; இறக்கும்வரை சொந்தக் காலில் நடந்தார். 1977-ல் சூரிக்கில் குருன்ட்சிக் இதயக் குழாயில் பலூனை விரித்தது அடுத்த பெரிய படி.

இனி மாமாவின் தொடைக்கு வருவோம். தொடை இடுக்கில் ஓடும் தமனி விரல் பருமன் இருக்கும், உள்ளே அழுத்தமும் அதிகம். குழாயை எடுத்ததும் பதினைந்து, இருபது நிமிடம் கையால் அழுத்திப் பிடிப்பார்கள், அல்லது துளையை மூடும் சிறு கருவியைப் பயன்படுத்துவார்கள். அதன் பிறகு நான்கிலிருந்து ஆறு மணி நேரம் காலை மடக்காமல் படுத்திருக்கச் சொல்வார்கள். இந்த நேரத்தில் துளையின் வாயில் உறைந்த ரத்தம் ஒரு தக்கை போல உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காலை மடக்கினால், முக்கினால், பலமாக இருமினால், படி ஏறினால் தக்கை நகரும். வீக்கம் வந்தால் அதற்குப் பெயர் ஹெமடோமா. சிலருக்குத் தமனிக்குப் பக்கத்தில் துடிக்கும் ஒரு ரத்தப் பை உண்டாகும்; அதைச் சோனோகிராஃபியில் கண்டுபிடித்து, பெரும்பாலும் ஓர் ஊசி மருந்தாலேயே உறைய வைத்துவிடலாம்.

வீக்கம் கண்ணுக்குத் தெரிவது ஒரு வகையில் நல்லது. தெரியாததுதான் மோசம். ஊசி கொஞ்சம் மேலே குத்தியிருந்தால் ரத்தம் தொடைக்கு வராமல் வயிற்றின் பின்புறம், முதுகெலும்பை ஒட்டிய இடத்தில் சேரும். அங்கே லிட்டர் கணக்கில் சேர இடம் இருக்கிறது. வெளியே ஒரு தடிப்பும் தெரியாது. இடுப்பிலோ முதுகிலோ வலி, காரணமில்லாத வியர்வை, முகம் வெளிறுவது, எழுந்தால் கண் இருட்டுவது என்றுதான் தொடங்கும். "ரொம்ப நேரம் படுத்திருந்ததால் முதுகு வலி" என்று வீட்டில் எல்லாரும் சமாதானம் சொல்வார்கள். ஆஞ்சியோ செய்த அன்று இரவு புதிதாக வரும் முதுகுவலியைச் சூட்டு வலி என்று விட்டுவிடக் கூடாது.

ரத்தம் கசிந்தால் எங்கே அழுத்துவது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தோலில் தெரியும் துளைக்கு நேர் மேலே அழுத்தினால் போதாது. ஊசி சாய்வாகப் போயிருப்பதால், தமனியில் உள்ள துளை தோல் துளையைவிட இரண்டு விரல்கடை மேலே, தொப்புள் பக்கமாக இருக்கும். ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, அங்கே அழுத்தி, நின்றுவிட்டதா என்று அடிக்கடி கையை எடுத்துப் பார்க்காமல் பிடித்திருக்க வேண்டும். மகாராஷ்டிரத்தில் 108-ஐ ஒருவர் அழைக்கட்டும், அழுத்துகிறவர் கையை எடுக்க வேண்டாம்.

இப்போது பல இடங்களில் தொடையை விட்டு மணிக்கட்டுக்கு மாறிவிட்டார்கள். 1989-ல் கனடாவின் காம்போ மணிக்கட்டு வழியாக இதயப் படம் எடுத்துக் காட்டினார். 1992-ல் நெதர்லாந்தின் கீமெனைய் அதே வழியில் ஸ்டென்ட் வேலையைத் தொடங்கிவைத்தார். மணிக்கட்டுத் தமனி சின்னது, எலும்பின் மேல் கிடக்கிறது, ஒரு பட்டை கட்டினாலே ரத்தம் நின்றுவிடும். பெரிய ரத்தக் கசிவு வெகுவாகக் குறைகிறது. குறை இல்லாமல் இல்லை: சிலருக்கு அந்தத் தமனி பின்னர் அடைத்துப்போகும், கைக்கு இன்னொரு தமனி இருப்பதால் பெரும்பாலோருக்கு அது தெரியவே தெரியாது. எல்லாருக்கும் எல்லா வேலைக்கும் மணிக்கட்டு ஒத்துவராது. ஆனாலும் "கையில் செய்ய முடியுமா டாக்டர்?" என்று கேட்பதில் தப்பே இல்லை.

இதை நான் வற்புறுத்துவதற்கு ஒரு காரணம் உண்டு. மாட்டுங்காவிலிருந்து நடக்கும் தூரத்தில் தாராவி. அங்கே பொதுக் கழிப்பறைதான் பல குடும்பங்களுக்குக் கதி. வரிசையில் நின்று, உள்ளே போய்க் குந்தி உட்கார வேண்டும். தொடை இடுக்கில் துளை போட்டவர் முதல் சில நாள் குந்தக் கூடாது. அச்சடித்த பேப்பர் அதைச் சொல்லிவிடும், என்ன செய்வது என்று சொல்லாது. காலையில் குழாயில் தண்ணீர் வரும் சமயத்தில் ஹண்டா என்னும் தண்ணீர்ப் பாத்திரத்தைத் தூக்காமல் இருக்கவும் முடியாது. அந்தப் பேப்பரை எழுதியவர் மனதில் இருந்தது லிஃப்ட் உள்ள கட்டடம், மேற்கத்திய கழிப்பறை, நாள் முழுக்கத் தண்ணீர். கூட வந்தவர் டிஸ்சார்ஜுக்கு முன்பே வார்டில் சிஸ்டரிடம், "அண்ணாச்சி இருப்பது மச்சு வீடு, ஏணிதான், கக்கூஸ் குந்துகிற மாதிரி" என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஒரு ராத்திரி கூடுதலாக வைத்துக்கொள்ளவோ, வேறு வழி யோசிக்கவோ அது போதுமான காரணம்.

பயாப்ஸிக்கு வேறு கணக்கு. நுரையீரலில் சி.டி. பார்த்து ஊசி விட்டால், ஏறத்தாழ ஐந்து பேரில் ஒருவருக்கு நுரையீரலைச் சுற்றிக் கொஞ்சம் காற்று கசிந்து சேரும். கேட்டவுடன் பயமாக இருக்கும். ஆனால் பெரும்பாலோருக்கு அது தானே வற்றிவிடும். நூற்றில் ஐந்தாறு பேருக்குத்தான் காற்றை வெளியேற்ற மார்பில் குழாய் வைக்க வேண்டிவரும். மூச்சைப் பிடி என்றால் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு பிடிப்பது, ஊசி உள்ளே இருக்கும்போது இருமாமல் இருப்பது, முடிந்ததும் பேசாமல் படுத்திருப்பது எல்லாம் நோயாளியின் பங்கு. இருமல் வருகிற மாதிரி இருந்தால் படுப்பதற்கு முன்பே சொல்லிவிட வேண்டும். சில மணி நேரம் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்கள். ஊரில் கல்யாணம், நாளைக்கே விமானத்தில் போகிறேன் என்று கிளம்பக் கூடாது. மேலே காற்றழுத்தம் குறையும்போது உள்ளே சிக்கிய காற்று விரியும்.

கல்லீரல் பயாப்ஸியில் வலி பலருக்கு வரும், அதுவும் வலது தோளில் வரும். குத்தியது விலாவில், வலிப்பது தோளில் என்றால் கைத்தவறு என்று நினைக்க வேண்டாம். கல்லீரலுக்கு மேலுள்ள உதரவிதானத்துக்கும் தோளுக்கும் நரம்புத் தொடர்பு ஒன்றே. உயிருக்கு ஆபத்து என்பது பத்தாயிரத்தில் ஒருவர் என்ற அளவில் சொல்லப்படுகிறது. சிக்கல்களில் பாதிக்கு மேல் முதல் இரண்டு மணி நேரத்திலேயே தலைகாட்டிவிடும், மிச்சத்தில் பெரும்பகுதி ஒரு நாளுக்குள். "சும்மா படுத்துக் கிடக்கத்தானே வைத்திருக்கிறார்கள், பில் ஏற்றவா?" என்று கேட்கும் சொந்தக்காரர் எல்லா வீட்டிலும் ஒருவர் இருப்பார். அந்தச் சும்மா படுக்கைக்குத்தான் காசு.

மாட்டுங்கா ஸ்டேஷனில் ஸ்லோ டிரெயின் ஏறினால் தாதர், அதற்கடுத்தது பரேல். 1926-ல் தொடங்கிய கே.இ.எம். ஆஸ்பத்திரி அங்கேதான். பஞ்சாலைகள் நிறைந்திருந்த அந்த வட்டாரத்திலும் தாராவியிலும் காசநோய் ஒருபோதும் புத்தகத்து விஷயமாக இருந்ததில்லை. காசநோய் ஆறிய பின்னும் நுரையீரலில் குழிகளை விட்டுப்போகும். அந்தக் குழிகளைச் சுற்றி மூச்சுக்கிளைத் தமனிகள் பருத்து வளரும். ஒருநாள் அதில் ஒன்று கிழிந்தால், இருமும்போது டம்ளர் டம்ளராக ரத்தம் வரும். அதில் ஆள் சாவது பெரும்பாலும் ரத்தம் போய் அல்ல. மூச்சுக் குழாய்களின் கொள்ளளவே ஒரு காபி டம்ளர்தான், சுமார் 150 மில்லி. அது நிரம்பினால் மூச்சு நின்றுவிடும்.

பிரான்ஸில் ரெமி என்பவர் 1973 வாக்கில் இதற்கு ஒரு வழி காட்டினார். தொடையில் நுழைத்த குழாயை மகாதமனி வரை ஏற்றி, கசியும் அந்தத் தமனியின் வாயைத் தேடிப் பிடித்து, ஜெலட்டின் பஞ்சோ மணல் போன்ற சிறு துகள்களோ விட்டு அடைப்பது. கே.இ.எம்.மின் ரேடியாலஜித் துறையில் டாக்டர் ரவி ராமகாந்தனும் சக மருத்துவர்களும் காசநோயால் ரத்தம் கக்கிய நூற்றுக்கும் மேற்பட்டவர்களுக்கு இப்படிச் செய்த அனுபவத்தை 1996-ல் அமெரிக்காவிலிருந்து வரும் 'ரேடியாலஜி' இதழில் எழுதினார்கள். ஏழைகளின் நோய் என்பதால் பணக்கார நாடுகளில் இத்தனை நோயாளிகளை ஓரிடத்தில் பார்த்தவர்கள் அன்று குறைவு. மாநகராட்சி ஆஸ்பத்திரி நெரிசலில் கற்ற பாடம் அது.

இதிலுள்ள பெரிய அபாயம் ரத்தக் கசிவு கிடையாது, கால் விளங்காமல் போவது. சிலருக்கு முதுகுத் தண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் நுண்ணிய தமனி, அடைக்கப்போகும் அதே தமனியிலிருந்தோ அதன் பக்கத்திலிருந்தோ கிளைத்திருக்கும். துகள் அதற்குள் போய்விட்டால் இடுப்புக்குக் கீழே செயலிழக்கும். இதைத் தவிர்ப்பதற்கு டாக்டர் நம்பியிருப்பது ஓர் உருவத்தை. ரத்தக் குழாயைப் படத்தில் தெரியவைக்கும் டை மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தால், முதுகுத் தண்டுத் தமனி மேலே ஏறி, சட்டென்று திரும்பிக் கீழே இறங்கும். ஊட்டி மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவேதான். தலைமயிர் பருமனில் அந்த வளைவு திரையில் தெரிந்தால் அங்கிருந்து துகள் விடுவதை நிறுத்திவிட வேண்டும். அல்லது இன்னும் மெல்லிய குழாயை அந்தக் கிளையைத் தாண்டி உள்ளே கொண்டுபோய் விட வேண்டும். படத்தை நிதானமாக, இரண்டு முறை பார்ப்பதுதான் இங்கே பாதுகாப்பு. இந்தச் சிகிச்சை ரத்தத்தை நிறுத்துமே தவிர நோயைத் தீர்க்காது. மாத்திரையை நடுவில் விட்டவர்களுக்கு ரத்தம் மறுபடி வருவது சகஜம்.

அடைப்புச் சிகிச்சை எதுவானாலும், கருப்பைக் கட்டிக்குச் செய்தாலும் கல்லீரல் புற்றுக்குச் செய்தாலும், அடுத்த சில நாள் காய்ச்சலும் வலியும் குமட்டலும் வரலாம். ரத்தம் கிடைக்காமல் செத்த திசுவுக்கு உடம்பு காட்டும் எதிர்ப்பு அது. மூன்று நாளில் தணிய வேண்டும். தணியாமல் குளிர் நடுக்கத்தோடு ஏறினால் அது சீழ் பிடிப்பதன் அடையாளம். சிறுநீரகத்திலோ பித்தக் குழாயிலோ குழாய் வைத்தவர்களுக்கு நடுக்கம் அன்றைக்கே வந்தாலும் காத்திருக்கக் கூடாது.

டை மருந்தைப் பற்றிக் கதைகள் அதிகம். இப்போதைய டைகளில் கடுமையான ஒவ்வாமை பத்தாயிரம் பேரில் நான்கு பேர் என்ற அளவில் இருப்பதாக, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 1990-ல் வெளியான ஜப்பான் ஆய்வு சொன்னது. பழைய வகை டையில் இது ஐந்து மடங்குக்கு மேல். செலுத்தியதும் உடம்பெல்லாம் சூடு பரவுவதும், வாயில் உலோகச் சுவை வருவதும், சிறுநீர் கழித்துவிட்டோமோ என்று தோன்றுவதும் இயல்புதான். இறால் ஒத்துக்கொள்ளாதவருக்கு டையும் ஒத்துக்கொள்ளாது என்று மீன் மார்க்கெட் பக்கமும் சொல்வார்கள், பூண்டைக்கூடத் தொடாத எங்கள் கட்டடத்து மாமிகளும் சொல்வார்கள். இறாலில் ஒவ்வாமை தருவது அதன் புரதம், அயோடின் கிடையாது. முன்பு ஒருமுறை டை செலுத்தியபோது தடிப்போ மூச்சுத் திணறலோ வந்ததா என்பதுதான் உண்மையில் சொல்ல வேண்டிய சேதி. ஆஸ்துமா இருந்தால் அதையும்.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு டை கூடுதல் சுமை. முன்னதாக, சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் பார்க்கச் சொல்வது அதற்காகத்தான். பழுது வந்தாலும் அன்றைக்கே தெரியாது. இரண்டு மூன்று நாள் கழித்து எடுக்கும் ரத்தப் பரிசோதனையில்தான் தெரியும், பலர் அதற்குத் திரும்பிப் போவதேயில்லை. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர்கள் எப்போது நிறுத்துவது, எப்போது மறுபடி தொடங்குவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும். வெறும் வயிற்றோடு வரச் சொன்ன அன்று காலை வழக்கமான சர்க்கரை மாத்திரையை விழுங்கிவிட்டு வந்து வராந்தாவில் மயங்கி விழுகிறவர்களும் உண்டு.

உள்ளே நடப்பதைத் திரையில் காட்டும் எக்ஸ்ரே கதிருக்கு நாட்டிலேயே பெரிய காவல்காரர் நம் பக்கத்தில்தான் இருக்கிறார். 1983 நவம்பர் 15-ல் அமைக்கப்பட்ட அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அலுவலகம் செம்பூரைத் தாண்டி அணுசக்தி நகரில். இந்தியாவில் எந்த ஆஸ்பத்திரி ஆஞ்சியோ செய்யும் கேத் லேப், சி.டி. மிஷின் நடத்தினாலும் இவர்களுடைய உரிமம் வேண்டும். அங்கே வேலை செய்கிறவர்களின் மார்பில் குத்தியிருக்கும் சிறு அட்டை, அவர் வாங்கிய கதிரை அளப்பது. ஐந்து ஆண்டில் மொத்தம் 100 மில்லிசீவர்ட், எந்த ஒரு ஆண்டிலும் 30-க்கு மேல் கூடாது என்பது அவர்களுக்கு வரம்பு. பொதுமக்களுக்கு ஆண்டுக்கு 1. நோயாளிக்கு? வரம்பே கிடையாது. சிகிச்சையின் பலன் கதிரின் கேட்டைவிடப் பெரிதா என்று டாக்டர் எடைபோடுவதுதான் அவருக்கு வரம்பு.

சாதாரண ஆஞ்சியோவில் தோலுக்கு ஒன்றும் ஆகாது. பல மணி நேரம் இழுக்கும் முழு அடைப்பு ஸ்டென்ட் வேலைகளில், அதுவும் கொஞ்ச நாள் இடைவெளியில் திரும்பத் திரும்பச் செய்தால், தோல் ஏற்கும் கதிர் 2 கிரேயைத் தாண்டலாம். அங்கிருந்துதான் சிவத்தல் தொடங்குகிறது. மிஷின் திரையில் ஓடும் கணக்கு 5 கிரேயைத் தொட்டால் நோயாளியைப் பின்னால் கூப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்பது பரவலான வழக்கம். இதில் வேடிக்கை என்னவென்றால், காயம் வாரங்கள் கழித்து வரும். தோள்பட்டைக்குக் கீழே, முதுகில், கண்ணுக்கே தெரியாத இடத்தில். மிஷினிலிருந்து வரும் கதிருக்குச் சதுர வாசல் என்பதால் தோலிலும் ஓரம் வெட்டினாற்போல் ஒரு சதுரம் சிவந்திருக்கும். முதுகு தேய்த்துவிடும் மனைவிதான் முதலில் பார்ப்பார். படர்தாமரை என்று களிம்பு வாங்கிப் பூசுவார்கள். ஸ்டென்ட் வைத்ததற்கும் இதற்கும் முடிச்சுப் போட யாருக்கும் தோன்றாது. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்தப் புண்களைப் பற்றி 1994-லேயே டாக்டர்களை எச்சரித்தது. நீண்ட வேலை நடந்தவர்கள், மொத்தக் கதிர் எவ்வளவு என்று கேஸ் பேப்பரில் எழுதித் தரச் சொல்லலாம்.

கூட வருகிறவருக்கே ஆபத்தாகும் மிஷினும் உண்டு. எம்.ஆர்.ஐ.யில் கதிர் இல்லை, காந்தம் உண்டு. 2018 ஜனவரி 27 அன்று மும்பை நாயர் ஆஸ்பத்திரியில், உறவினரின் சோதனைக்குத் துணையாக வந்த 32 வயது இளைஞர் ஆக்ஸிஜன் சிலிண்டரோடு அந்த அறைக்குள் போனார். காந்தம் சிலிண்டரையும் அவரையும் இழுத்துக்கொண்டது, இறந்துபோனார். மிஷின் ஓடவில்லை என்று சொல்லித்தான் உள்ளே அனுப்பினார்கள் என்று குடும்பத்தார் சொன்னதாக அன்று செய்தி வந்தது. அந்தக் காந்தம் படம் எடுக்காத நேரத்திலும் முழு பலத்தில் இருக்கும். இரவு பகல், ஞாயிறு தீபாவளி கிடையாது.

பிழை நடக்கும் இன்னோர் இடம் மாத்திரைப் பை. எக்கோஸ்பிரின், குளோபிடோக்ரெல், அசிட்ரோம் போன்ற, ரத்தம் உறையாமல் பார்த்துக்கொள்ளும் மாத்திரைகளோடு சிறுநீரகத்தில் ஊசி விட்டால் ரத்தம் எளிதில் நிற்காது. ஆகவே சில நாள் முன்பே நிறுத்தி, ரத்தம் உறையும் நேரத்தைச் சோதித்துத்தான் செய்வார்கள். மறுபக்கம், புதிதாக ஸ்டென்ட் வைத்தவர் அதே மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைத்து மாரடைப்பு வரலாம். தைராய்டில் மெல்லிய ஊசி போடுவது போன்ற சின்ன வேலைக்குப் பல சமயம் நிறுத்தவே வேண்டியதில்லை. எனவே நிறுத்துவதா வேண்டாமா என்பது இதய டாக்டரும் ஊசி விடுகிற டாக்டரும் பேசி முடிக்க வேண்டிய விஷயம். பக்கத்து வீட்டுக்காரரின் அனுபவத்தை வைத்து முடிக்கக் கூடாது. "என்ன மருந்து சாப்பிடறேள்?" என்றால் பி.பி.க்கு, சுகருக்கு என்று சொல்லும் பெரியவர்கள், மூட்டுவலிக்கு மருந்துக் கடையில் தானே வாங்கிப் போடும் மாத்திரையைச் சொல்வதில்லை. அதிலும் பல ரத்தம் உறைவதைக் கெடுக்கும். பட்டியல் எழுதுவதைவிட, எல்லா அட்டைகளையும் ஒரு துணிப் பையில் போட்டு எடுத்துக்கொண்டு போய் மேஜைமேல் கொட்டுவது சுலபம்.

கையெழுத்து விஷயத்துக்கு 2008 ஜனவரி 16-ல் உச்ச நீதிமன்றம் சமீரா கோலி வழக்கில் சொன்ன தீர்ப்புதான் இன்றும் அளவுகோல். கேமரா விட்டு வயிற்றுக்குள் பார்க்க மட்டும் ஒப்புக்கொண்ட பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே கருப்பையையும் சினைப்பைகளையும் எடுத்துவிட்டார்கள். பார்ப்பதற்குத் தந்த ஒப்புதல், உயிர் போகும் அவசரம் இல்லாதபோது, சிகிச்சைக்குத் தந்த ஒப்புதல் ஆகாது என்றது நீதிமன்றம். ஆஞ்சியோ எடுக்கப் படுத்தவரிடம், அடைப்பு இருக்கிறது, இப்போதே ஸ்டென்ட் வைத்துவிடலாமா என்று வெளியே நிற்கும் மகனைக் கூப்பிட்டுக் கேட்பது நம்மூரில் தினம் நடக்கிறது. ஒரே படுக்கையில் முடிந்தால் ஒரு துளை மிச்சம், அதில் நியாயம் உண்டு. ஆனால் அந்தக் கேள்வியை முந்தின நாளே, நோயாளியிடமே கேட்டு எழுதி வாங்கலாம். மும்பையில் படிவம் மராத்தியிலோ இந்தியிலோ ஆங்கிலத்திலோ இருக்கும். நெல்லையிலிருந்து வந்து நாற்பது வருஷமாகத் தாராவியில் இட்லி வியாபாரம் செய்யும் அக்காவுக்கு மராத்தி பேச வரும், வாசிக்க வராது. "பயப்படாதீங்க, சும்மா போடுங்க" என்று கட்டைவிரலைப் பிடித்து உருட்டும் சொந்தக்காரர், அவருக்கு உதவுவதாகத்தான் நினைக்கிறார். சயான் ஆஸ்பத்திரிப் பக்கம் வார்டில் தமிழ் தெரிந்த சிஸ்டர் இருக்கக்கூடும். படித்துச் சொல்லும்படி கேட்டால் சொல்வார்கள்.

மேலே சொன்னதையெல்லாம் கேட்டு யாராவது ஆஞ்சியோவே வேண்டாம் என்று வீட்டில் உட்கார்ந்துவிட்டால் அது இதைவிடப் பெரிய ஆபத்து. இதயக் குழாய்ப் படம் எடுப்பதில் உயிரிழப்பு ஆயிரத்தில் ஒருவர் அல்லது அதற்கும் கீழே. சிகிச்சையில்லாத அடைப்பின் கணக்கு அவ்வளவு தயவாக இருக்காது.

எங்கள் மாமாவுக்கு ஆறு மாதம் கழித்து ஸ்டென்ட் வைத்தார்கள், இந்த முறை மணிக்கட்டில். முந்தின வாரமே மாமி டாக்டரிடம் மூன்றாம் மாடி என்று சொல்லிவிட்டார். முதல் நான்கு நாள் செம்பூரில் தரைத்தளத்து மச்சினர் வீட்டில் தங்கல். தினசரிக் காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் வார்டு போன் நம்பர், 108, பட்டையை எத்தனை மணிக்குத் தளர்த்த வேண்டும், இடது கையால்தான் டம்ளரைத் தூக்க வேண்டும் என்று மாமி தமிழில் எழுதி, ஃபிரிட்ஜ் கதவில் காந்த வில்லை வைத்து ஒட்டியிருந்தார். இரண்டாம் மாடிப் பெண்ணின் நம்பரும் கடைசி வரியில் இருந்தது.